அடுக்களையில் பிறந்த அதிதி

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில், கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், மண் சுவர் எழுப்பி வாழும் குடியானவர்களின் அடுக்களைக்குள் நுழைந்தால், அடுப்பின் கதகதப்பை நாடித் தரையெங்கும் குடுகுடுவென்று ஓடித் திரியும் வாலில்லாத சிறு பிராணிகளின் கூட்டமொன்றைக் காணலாம். பெரு, பொலிவியா, எக்குவடோர் ஆகிய தேசங்களின் மலைவாசிகள் ‘குய்’ என்று அழைக்கும் இப்பிராணியே நாம் கினிப்பன்றி என்று அறிந்திருப்பது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டு இனத்திலிருந்து பிடித்துப் பழக்கப்படுத்தப்பட்டு, மாடும் ஆடும் அந்தக் கண்டத்தில் கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மலைவாழ் மக்களுக்கு மாமிச ஆகாரமாய் விளங்கிய பெருமை இதற்கு உண்டு. மோச்சே நாகரிகத்துக் குயவர்கள் இதன் வடிவத்தை மட்பாண்டங்களில் வனைந்து வைத்தார்கள். குஸ்கோ நகரத்துப் பேராலயத்தில், மார்க்கோஸ் சபாட்டா என்ற ஓவியர் 1753-ல் தீட்டிய இயேசுபிரானின் இறுதி விருந்துச் சித்திரத்தில், மேஜையின் நடுவே தட்டில் கிடப்பது குய்தான் என்று அந்நாட்டார் பலரும் கொள்கின்றனர். புதுமணத் தம்பதிகளுக்குச் சீதனமாக ஒரு ஜோடி குய் கொடுப்பதும், நோயாளியின் தேகத்தின்மீது உயிருள்ள குய்யைத் தடவி நோய் இன்னதென்று நிதானிக்கும் நாட்டு வைத்தியமும் அங்கே இன்றும் வழக்கில் உள்ளன. உணவு, சடங்கு, சிகிச்சை என்ற மூன்றிலும் இப்பிராணி பெற்றுள்ள ஸ்தானத்தை எட்முண்டோ மொராலஸ் என்ற அறிஞர் 1995-ல் வெளிவந்த தம் நூலில் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்.

ஸ்பானியர்களின் மரக்கலங்களில் ஏறிப் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பா சேர்ந்த சில கினிப்பன்றிகளின் கதை வேறு திசையில் சென்றது. சுவிட்சர்லாந்து தேசத்து இயற்கை நூலாசிரியர் கொன்ராட் கெஸ்னர் 1554-லேயே இதனை வர்ணித்திருக்கிறார். பிரபுக்களின் குழந்தைகள் கையில் ஏந்தி விளையாடும் செல்லப்பிராணியாக அங்கே இது வாழத் தொடங்கியது. ஒரே வம்சம் இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது. ஐரோப்பியக் கிளையினரை வளர்த்தவர்கள் உரோமத்தின் அழகையும் வர்ணத்தையும், மடியில் அடங்கி உட்காரும் சாது குணத்தையும் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தமையால், அவை ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவிலேயே நின்றுவிட்டன. தாய்நாட்டில் தங்கிய கிளைக்கோ வேறொரு விதி காத்திருந்தது.

பெரு தேசத்தின் தலைநகராகிய லீமாவை அடுத்த லா மோலினாவிலுள்ள அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், 1960-களில் தொடங்கி, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய குய்களை வைத்துப் பொறுக்கு முறையில் இனவிருத்தி செய்யும் வேலை தொடர்ச்சியாக நடைபெற்று வந்தது. லிலியா சௌக்கா என்ற பெண் விஞ்ஞானி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கென்றே அர்ப்பணித்தார். ஏழைக் குடும்பங்களுக்கு மலிவான புரதம் கிடைக்க வேண்டும், பெண்கள் தம் கையால் வளர்த்து விற்று நாலு காசு பார்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட அப்பணியின் பலனாக, 2004-ல் ‘பெரு’ என்ற ரகமும், அதைத் தொடர்ந்து ஒரே பிரசவத்தில் அதிகக் குட்டி ஈனும் ‘ஆண்டினா’, பலவகைச் சீதோஷ்ணங்களையும் தாங்கும் ‘இன்ட்டி’ ஆகிய ரகங்களும் வெளிவந்தன. செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த ‘பெரு’ ரகக் குட்டி இரண்டே மாதத்தில் ஒரு கிலோவை எட்டிவிடுகிறது. வளர்ந்த பின் இரண்டு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். மூன்று கிலோவைத் தொடுவனவும் உண்டு. இந்தப் பெரிய குய்களே இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘பேருருக் கினிப்பன்றிகள்’ என்ற பெயரோடு செல்லப்பிராணி பிரியர்களின் இல்லங்களுக்குள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆண்டீஸ் மலைநாட்டிலிருந்து குடிபெயர்ந்தோர் தம் உணவுக்கென வளர்த்தவற்றின் சந்ததிகள் சில, கைவிடப்பட்ட பிராணிகளைப் பேணும் காப்பகங்களை அடைந்து, அங்கிருந்து அன்புள்ள வீடுகளைச் சேர்கின்றன. கினிப்பன்றியின் உறவினமேயாகிய, நீர்நிலைகளில் வாழும் கபிபாரா என்ற பெருங்கொறிவிலங்கோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் உண்டு; அது ஐம்பது கிலோ எடைக்கு மேலும் வளரும் வேறொரு ஜீவன்.

பார்ப்பதற்கு முயலளவு பருத்து, அகன்ற தலையும் அமைதியான விழிகளுமாக இருக்கும் பெரிய குய்யைக் கண்டவுடன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் இதன் தேகம் எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதை வளர்க்க முற்படுவோர் ஒரு கணமேனும் சிந்திக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன். இரண்டு மூன்று மாதங்களுக்குள் எடை போட்டுச் சந்தைக்குச் செல்ல வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட உடல் அது. அதன் இருதயமும் பாதங்களும் எலும்பு மூட்டுகளும் அவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு ஐந்தாறு ஆண்டுகள் நடமாட வேண்டும் என்பதை அந்த இனவிருத்தியாளர்கள் கணக்கில் கொள்ளவில்லை. கொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. சாதாரணக் கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை வாழ்கிறது. பெரிய குய் அத்தனை காலம் வாழ்வதில்லை என்பது இவற்றை வளர்த்தவர்களின் அனுபவம். மனிதனின் பசிக்காக வடிக்கப்பட்ட உடலை அவனுடைய அன்பு முதுமை வரையில் கொண்டுசெலுத்த வேண்டியிருக்கிறது. இவற்றின் ஆரோக்கிய பரிபாலனம் என்பது முழுவதும் இந்த ஒரு நிலைமையிலிருந்தே பிறக்கிறது.

முதலில் சுபாவத்தைக் கூறுகிறேன். நானூறு ஆண்டுகளாக மடியில் வளர்ந்த ஐரோப்பியக் கினிப்பன்றிக்கு இருக்கும் நிதானம் குய்க்குக் கிடையாது. ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டாலும், ஒரு நிழல் மேலே விழுந்தாலும், திடுக்கிட்டுச் சிதறி ஓடும்; சாதாரணக் கினிப்பன்றி ஏற முடியாத தடுப்பை ஒரே தாவில் தாண்டிவிடும். அவ்வாறு பாய்ந்து விழும்போது பாரமான உடலுக்குக் காயம் உண்டாவது சுலபம். ஆகையால், ஒரு ஜோடி சாதாரணக் கினிப்பன்றிக்கு ஏழெட்டுச் சதுர அடி இடம் குறைந்தபட்சம் என்று சொல்வார்களானால், குய் ஜோடிக்கு அதைப்போல இரு மடங்கு தரைப்பரப்பும், உயர்ந்த பக்கச் சுவர்களும், இரண்டு வாயில்கள் கொண்ட ஒளிவிடங்களும் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கடையில் விற்கும் மரக்குடில்களின் வாயிலில் இதன் உடல் சிக்கிக்கொள்ளும். கவிழ்த்து வைத்த அகலமான பெட்டியே மேல். தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மற்றொரு கை பின்புறத்தின் அடியிலும் தாங்க வேண்டும்; அந்தரத்தில் பின்னங்கால்கள் தொங்கினால் முதுகெலும்பு பிசகும். பழக்கத்தின் முதல் சில வாரங்களில் தூக்காமல், தரையில் நாமே அமர்ந்துகொண்டு, கையில் ஒரு கொத்துக் கொத்தமல்லியை வைத்துக் காத்திருப்பதே உசிதம். பசுமையின் வாசனையறிந்து அது தானாக அருகே வரும் நாளில், பொறுமையின் பயன் கைகூடும்.

இப்பிராணி தனித்து வாழ்வதற்கென்று பிறந்ததன்று. கூட்டமாக வாழ்ந்து, ஒன்றோடொன்று ஒலியால் பேசிக்கொண்டு, ஒன்று அஞ்சினால் அனைத்தும் அஞ்சி, ஒன்று உண்டால் அனைத்தும் உண்ணும் இயல்புடையது. சுவிட்சர்லாந்து அரசாங்கம் 2008-ல் இயற்றிய பிராணிப் பாதுகாப்பு விதிகளில், கினிப்பன்றி போன்ற கூட்டு வாழ்வுடைய பிராணிகளைத் தனியே அடைத்து வைக்கலாகாது என்று சட்டமாகவே செய்துவிட்டது. மனிதர் எவ்வளவு பிரியமாக இருந்தாலும் இரவு முழுவதும் அதனருகே படுத்திருக்க முடியாதல்லவா?

பாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கினிப்பன்றிக்கு முன்னங்காலில் நான்கும் பின்னங்காலில் மூன்றுமாக விரல்கள் அமைவது விதி. ஆனால் குய்களில் பலவற்றுக்கு ஆறு, ஏழு விரல்கள்கூட இருக்கும். மரபியல் சாஸ்திரத்தின் வரலாற்றில் இந்த மிகைவிரலுக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் காஸில் 1906-ல், கினிப்பன்றிகளில் மிகைவிரல் தலைமுறைகளினூடே எவ்வாறு நிலைபெறுகிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார். 1911-ல் அவரே பெரு தேசம் சென்று கினிப்பன்றிகளைத் திரட்டி வந்தார். அவரிடம் பயின்ற ஸூவல் ரைட் 1934-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிகைவிரல் ஒரேயொரு மரபுக்கூறின் விளைவாக அமைவதில்லை என்றும், பல சிறு காரணங்கள் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டும்போதே அது வெளிப்படுகிறது என்றும் விளக்கினார். பின்னாளில் மனிதனுக்கு வரும் பல பரம்பரை நோய்களைப் புரிந்துகொள்ளவும் அந்தக் கருத்தே உதவியது.

வளர்ப்பவருக்கு மிகைவிரலால் உண்டாகும் சங்கடம் வேறு. அது தரையைத் தொடாமல் பக்கவாட்டில் தொங்குவதால் அதன் நகம் தேய்வதில்லை. வளைந்து வளர்ந்து, கவனியாது விட்டால் சதைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். மாதத்திற்கு ஒரு முறையேனும் எல்லா விரல்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து நகம் வெட்ட வேண்டும். உள்ளங்கால் அதைவிட முக்கியம். மூன்று கிலோ பாரம் உரோமமற்ற நான்கு சிறு பாதங்களின்மீது இறங்குகிறது. கம்பி வலைத் தரையும் ஈரமான படுக்கையும் அந்த மென்தோலை உரித்துப் புண்ணாக்கிவிடுகின்றன. அப்புண்ணுக்குள் கிருமி புகுந்தால் எலும்பு வரை சென்றுவிடும். குணப்படுத்துவதோ மாதக்கணக்கில் நீளும் காரியம். ஆகவே கெட்டியான தரையின்மேல் கம்பளித் துணியோ தூசியில்லாத காகிதத் தூளோ கனமாகப் பரப்பி, தினந்தோறும் ஈரத்தை மாற்றி, வாரம் தவறாமல் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது எவ்வித மருந்தையும் விடச் சிறந்த சிகிச்சையாகும். சிவப்பு தோன்றினாலே வைத்தியரை நாடுவது நலம்.

ஆகார விஷயத்தில் ஆண்டீஸ் குடியானவனுக்கும் செல்லப்பிராணி வளர்ப்பவருக்கும் நோக்கம் முற்றிலும் மாறுபடுகிறது. விரைவில் கொழுக்க வேண்டும் என்பதற்காக அவன் குதிரைமசாலும் தானியமும் தாராளமாக இடுகிறான். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குட்டிக்கும் சூல் கொண்ட தாய்க்கும் அது நன்மை செய்யும். வளர்ந்த பிராணிக்கு நித்திய ஆகாரமானால் மூத்திரப்பையில் கல் உண்டாவதற்கு வழிவகுக்கும். நெடுநாள் வாழ வேண்டிய குய்க்குப் பிரதான உணவு உலர்ந்த புல்லே. இரவும் பகலும் ஒழியாமல் அது முன்னே குவிந்திருக்க வேண்டும். கினிப்பன்றியின் இருபது பற்களும் ஆயுள் உள்ளளவும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்காக அரைப்பதாலேயே அவை அளவோடு தேய்கின்றன. புல் குறைந்தால் கடைவாய்ப் பற்கள் உட்புறம் சாய்ந்து நாக்கின்மேல் பாலம்போல் கவிந்துகொள்ள, பிராணி பசியோடிருந்தும் விழுங்கமாட்டாமல் மெலிந்துபோகும். அதன் குடலின் பெரும்பங்கு குருட்டுக்குடல். அங்கே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தாம் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிர்கள் உண்டாக்கிய சத்தை மீண்டும் பெறுவதற்காகவே தன் மலத்தில் ஒரு பகுதியை அது நேரே வாயால் ஏற்று உண்கிறது. அதைக் கண்டு அருவருத்துத் தடுக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் மேலாக வைட்டமின் சி. நார்வே நாட்டு மாலுமிகளை வாட்டிய ஒரு நோயின் காரணத்தைத் தேடி, ஆக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிஷ் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்துப் பரிசோதித்தபோது, எதிர்பாராத விதமாக அவற்றுக்கு ஈறு வீங்கி, மூட்டுகளில் இரத்தம் கசிந்து, ஸ்கர்வி என்னும் நோய் வந்தது. 1907-ல் அவர்கள் அதை வெளியிட்டபோது ஸ்கர்விக்கு உணவுக் குறையே காரணம் என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டுவதற்கு வழி பிறந்தது. மனிதனைப் போலவே கினிப்பன்றியும் அந்தச் சத்தைத் தன் உடலில் தயாரித்துக்கொள்ள இயலாத பிராணி. எலியும் முயலும் நாயும் தயாரித்துக்கொள்கின்றன. ஹங்கேரி தேசத்து ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி தாம் பிரித்தெடுத்த பொருள் வைட்டமின் சி-தான் என்று 1932-ல் நிரூபித்ததும் கினிப்பன்றிகளைக் கொண்டே. அவர் பணியாற்றிய செகெட்டில் விளைந்த மிளகாயிலிருந்து அதனை ஏராளமாக எடுத்தார். 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எத்தனையோ மனித உயிர்களைக் காத்த அந்த அறிவுக்காகத் தன் உயிரைக் கொடுத்த பிராணிக்கு, நம் வீட்டில் அதே சத்துக் குறைவால் நோய் வர விடுவது பெரும் பாதகம்.

அளவைக் கவனிக்க வேண்டும். உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமேனும் வேண்டும் என்றும், சூல் கொண்டவற்றுக்கும் நோயுற்றவற்றுக்கும் 30 வரை தேவைப்படும் என்றும் வைத்தியர்கள் கூறுவர். சாதாரணக் கினிப்பன்றிக்கு என்று புட்டியின்மேல் அச்சிட்டுள்ள அளவையே மூன்று கிலோ குய்க்கும் கொடுப்பவர், அறியாமலே அதனைப் பட்டினி போடுகிறார். குடிநீரில் கரைத்து வைப்பதால் பயனில்லை. ஒளியும் காற்றும் பட்டுச் சில மணி நேரத்தில் சத்துக் கெட்டுவிடும். தயாரான உணவுத் தூள்களிலும் உற்பத்தியாகி மூன்று மாதம் கழிந்தால் வீரியம் குன்றிவிடும். ஒரு துண்டு சிவப்புக் குடைமிளகாய், சிறிது கொய்யா, ஒரு கைப்பிடிப் பசுங்கீரை இவற்றை நாள்தோறும் நேரே ஊட்டுவதே உத்தமமான வழி. நடக்க மனமின்றி ஒரே இடத்தில் குந்தியிருத்தல், தூக்கினால் வலியால் கீச்சிடுதல், உரோமம் பரட்டையாதல் ஆகியவை குறைபாட்டின் ஆரம்ப அடையாளங்கள்.

நோய் வந்தபின் கொடுக்கும் மருந்தே யமனாகும் விபரீதம் ஒன்றும் இப்பிராணியிடம் உண்டு. ஆக்ஸ்போர்டில் 1940-ஆம் ஆண்டு மே மாதம் ஹோவர்டு ஃப்ளோரியும் அவருடைய சகாக்களும் பெனிசிலினை உயிரினத்தில் பரிசோதிக்கச் சுண்டெலிகளைத் தெரிந்துகொண்டனர். கிருமி செலுத்திய எட்டுச் சுண்டெலிகளில், மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. அன்று அவர்கள் கினிப்பன்றிகளை எடுத்திருப்பார்களானால் அந்த மகத்தான ஔஷதம் விஷமென்று ஒதுக்கப்பட்டிருக்கக் கூடும். ஏனெனில் பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்கிறது என்பது 1943-ல் வெளியாயிற்று. காரணம் முன்னர்ச் சொன்ன குருட்டுக்குடலே. அங்குள்ள நல்ல நுண்ணுயிர்கள் மருந்தால் மடிந்ததும், தீய கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கிச் சில நாட்களுக்குள் உயிரைப் போக்கிவிடுகின்றன. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியே ஒருபோதும் கொடுக்கலாகாது. வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீந்த மருந்தை நல்லெண்ணத்தோடு ஒரு சொட்டு ஊட்டுவதுகூட ஆபத்தே. நாயையும் பூனையையும் மட்டுமே பார்த்துப் பழகிய வைத்தியர் ஒருவரிடம் செல்ல நேர்ந்தால், பணிவோடு இந்தச் செய்தியை முதலிலேயே நினைவூட்டத் தயங்க வேண்டாம். முயலோடும் நாயோடும் இதனை ஒரே கூண்டில் பழகவிடாதிருப்பதும் நன்று. அவற்றின் மூக்கில் தீங்கின்றித் தங்கியிருக்கும் போர்டெட்டெல்லா என்ற கிருமி, கினிப்பன்றியின் நுரையீரலை அடைந்தால் கொடிய சுரத்தை உண்டாக்கும்.

குளிர்ந்த மலைநாட்டுப் பிராணியாதலின் வெப்பம் இதற்கு ஆகாது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். 28-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். பருத்த உடல் உள்ளே எழும் சூட்டை எளிதில் வெளிவிடாது. எச்சில் ஒழுக, தரையோடு தரையாகப் படுத்து விரைந்து மூச்சுவிடுமானால், சற்றே குளிர்ந்த ஈரத்துணியால் மெல்ல ஒற்றிக்கொண்டு அப்பொழுதே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தக் கூடாது.

குட்டி ஈன வைக்கும் ஆசையைப் பற்றி என் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அது வேண்டாம். இரண்டு மாதத்திற்குச் சற்று மேற்பட்ட கர்ப்பகாலத்திற்குப் பின் கண் திறந்து, பல் முளைத்து, உரோமத்தோடேயே பிறக்கும் குட்டிகள் தாயின் அளவுக்கு மிகப் பெரியவை. பிரசவத்திற்கு இடுப்பெலும்பின் இணைப்பு நெகிழ்ந்து விரிய வேண்டும். ஆறேழு மாதம் வரையில் ஈனாத பெண்ணுக்கு அவ்விணைப்பு இறுகிவிடுவதால், பின்னர்ச் சூல் கொண்டால் தாயும் குட்டிகளும் மாண்டுபோக நேரும். பெரிய குய் ஆணைச் சாதாரணக் கினிப்பன்றிப் பெண்ணோடு சேர்ப்பது அந்தப் பெண்ணின் உயிரைப் பணயம் வைப்பதாகும். இரண்டு பெண்களையோ, விதை நீக்கிய ஓர் ஆணையும் பெண்ணையுமோ சேர்த்து வைத்தால் போதும். வயதான பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி தோன்றுவது சகஜம். இரு விலாப்புறத்திலும் ஒரே சீராக உரோமம் உதிர்வது அதன் குறி.

இரைதேடும் பகைகளுக்கு நடுவே வாழ்ந்த முன்னோரின் வழக்கத்தால், இப்பிராணி தன் நோயைக் கடைசி வரை மறைத்துக்கொள்ளும். நமக்கு வெளிப்படையாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அந்த மௌனத்தைக் கடப்பதற்கு உள்ள எளிய சாதனம் தராசு. சமையலறைத் தராசின் தட்டு இதற்குப் போதாது; குழந்தைகளை நிறுக்கும் தராசே பொருத்தமானது. வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே வேளையில் நிறுத்து, எடையை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வர வேண்டும். மூன்று கிலோ பிராணி ஒரு வாரத்தில் ஐம்பது கிராம் குறைந்தால் கவலையில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் இறங்கிக்கொண்டே போனால் பல்லையும் பாதத்தையும் மூத்திரத்தையும் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு வேளை புல்லைத் தொடாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் ஒடுங்கியிருந்தால் மறுநாள் வரை காத்திருப்பது தகாது. அரை நாள் பட்டினியிலேயே அதன் குடல் இயக்கம் நின்றுவிடக் கூடும். அரைத்துக் கரைத்த புல்லுணவை ஊசியில்லாத பீச்சாங்குழலால் கடைவாயோரம் சிறிது சிறிதாக ஊட்டியபடியே, இரவானாலும் வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.